நீரில் ஓடிய குளிர்காலம்

மரதன் ஓட்டத்துக்கான குலுக்கலில் எனக்கு இடம் கிடைத்துவிட்டதாக மின்னஞ்சல் வந்தபோது நான் வேலையில் இருந்தேன். கவுன்சிலில், வீதியோரம் கார் நிறுத்த அனுமதி கொடுக்கும் பிரிவு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர், பக்கத்து வீட்டுக்காரர் தன் வாசலை மறித்து வான் நிறுத்துவதைப் பற்றி உரத்த குரலில் முறையிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் தலையாட்டியபடியே மேசைக்குக் கீழே கைபேசியைப் பார்த்தேன். வாழ்த்துகள் என்று தொடங்கியது.

விண்ணப்பித்ததையே நான் மறந்திருந்தேன். பக்கத்து மேசையில் இருப்பவள் வருடா வருடம் விண்ணப்பித்து ஒருமுறையும் கிடைக்காதவள். எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள்.

"உன்னுடைய அதிர்ஷ்டம் யாருக்கு வரும்!" என்றாள்.

எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. அதற்கு முந்திய வருடங்கள் முழுவதும் நானும் என் கணவரும் டொக்டர்கள் சொல்லும் வாய்ப்புகளையும் விகிதங்களையும் கேட்டுக்கொண்டே வாழ்ந்தவர்கள். எங்களுக்கு வேண்டியிருந்த ஒன்றில் ஒருமுறையும் வராத அதிர்ஷ்டம், வேண்டுமென்று நினைக்கக்கூட இல்லாத ஒன்றில் வந்து நின்றது. அவள் கட்டிப்பிடித்தபடி குதித்தாள். நானும் கொஞ்சம் குதித்தேன். கண்ணாடிக்கு வெளியே நின்ற மனிதர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

கலியாணம் செய்து சில வருடங்கள், பிள்ளை தானாக வரும் என்று இருந்தோம். பிறகு சிகிச்சை தொடங்கினோம். முதல் தடவை கரு தங்கவேயில்லை. இரண்டாவது தடவை தங்கியது. மூன்றாம் மாதம் ஸ்கானுக்குப் போய்ப் படுத்திருந்தேன். வயிற்றில் குளிர்ந்த களிம்பைப் பூசி, வெளியே மழையா என்று கேட்டுப் பேசிக்கொண்டே இருந்த பெண் பேச்சை நிறுத்தினாள். திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்கு விளங்கிவிட்டது. என் கணவருக்கு விளங்கவில்லை. அவர் திரை இருந்த திசையைப் பார்த்துச் சிரித்தபடியே நின்றார். அந்தச் சிரிப்பு அவர் முகத்தை விட்டுப் போக எடுத்த நேரத்தை இன்றைக்கும் என்னால் நினைக்க முடிவதில்லை.

மூன்றாவது தடவையும் இல்லை என்றானபின், இனி முயல்வதைத் தான் சிபாரிசு செய்யமாட்டேன் என்று டொக்டர் சொன்னார். நல்ல மனிதர். சொல்லிவிட்டு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றோம். வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் இரண்டு பேரும் இருந்தோம். எங்களுடைய பஸ் வந்தது. போனது. அடுத்தது வந்தபோது அவர்தான் என் கையைப் பிடித்து எழுப்பினார். அதற்குப் பிறகு நாங்கள் ஒருவரை ஒருவர் தொடாமலே மாதங்கள் போயின. சண்டை எதுவும் இல்லை. சமைத்தோம், சாப்பிட்டோம், ஒரே கட்டிலில் இரண்டு ஓரங்களில் படுத்தோம்.

என் கணவர் மன்னார்க் கடற்கரைக் கிராமம் ஒன்றில் பிறந்த கத்தோலிக்கர். நான் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். மிச்சம் என்ற ஊரில் எங்கள் வீடு. அவர் ட்ராம் ஓட்டுகிறார். அதிகம் பேசாத மனிதர். அவருடைய அம்மா, என் மாமி, இரண்டு தெரு தள்ளி மகளோடு இருக்கிறா. வேலை முடிந்து நான் வீட்டுக்கு வரும் நேரம் பார்த்து மாமி வருவா. தேத்தண்ணீர் குடிப்பா. என் முகத்தைப் பார்ப்பா. சிகிச்சையை நிறுத்திவிட்டோம் என்று அவவுக்கு நாங்கள் சொல்லியிருக்கவில்லை. நானாகச் சொல்ல வாய் வரவில்லை. அவர் சொல்வார் என்று நான் இருந்தேன், நான் சொல்வேன் என்று அவர் இருந்திருக்க வேண்டும்.

மாமி வரும் நேரத்தில் வீட்டில் இல்லாமல் இருப்பதற்காகத்தான் நான் ஓடத் தொடங்கினேன். பெரிய காரணம் எதுவும் கிடையாது. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மிச்சம் ஊரின் பொதுப் புல்வெளிப் பக்கம் போனேன். முதலில் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரம் வரைக்கும். பிறகு குளத்தைச் சுற்றி. மூச்சு முட்டும்போது வேறு எதையும் நினைக்க முடியாது என்பதைக் கண்டுபிடித்தேன். ஊசி போட்டு, மருந்து கொடுத்து, கெஞ்சி, நேர்ந்து, எதற்கும் அசையாத அந்த உடம்பு, இங்கே மட்டும் ஓடு என்றால் ஓடியது. ஒருநாள் ஓட்டம் முடிந்து வந்த உற்சாகத்தில் குலுக்கலுக்கு விண்ணப்பித்திருக்கிறேன்.

இடம் கிடைத்ததும் வெறிபிடித்ததுபோல ஓடினேன். இலை உதிர்ந்து முடிவதற்குள் கால் நோகத் தொடங்கியது. முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உள்பக்க விளிம்பில், விரல் வைத்தால் உயிர் போகிற ஒரு இடம். முதலில் ஓடும்போது மட்டும் நோ. பிறகு படி இறங்கும்போது. பிறகு சும்மா இருக்கும்போதும்.

காலைக் காட்டப் போன பிசியோதெரபிஸ்ட் ஒரு இளம் பெண். தானே ட்ரையத்லன் போட்டிகளுக்குப் போகிறவள். நீந்தி, சைக்கிள் ஓடி, கடைசியில் ஓடுகிற போட்டி. என் காலைத் தன் மடியில் வைத்து அந்த இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்து அழுத்தினாள். நான் கத்தினேன்.

"எலும்பு களைத்துவிட்டது. இன்னும் உடையவில்லை. இப்படியே ஓடினால் உடையும்" என்றாள்.

"மரதனை விடவேண்டுமா?"

"விடத் தேவையில்லை. ஓட்டத்தைக் குறையுங்கள். வாரத்தில் இரண்டு நாள் ஓட்டம் போதும். மற்ற நாட்களில் நீந்துங்கள், சைக்கிள் ஓடுங்கள். எங்களைப் போன்றவர்கள் அப்படித்தான் மரதனுக்குத் தயாராகிறோம். நீங்கள் ஓடுகிறீர்களா நீந்துகிறீர்களா என்று உங்கள் இதயத்துக்குத் தெரியாது. நுரையீரலுக்கும் தெரியாது. எலும்புக்கு மட்டும்தான் தெரியும்."

"எனக்கு நீந்தத் தெரியாதே."

"அப்படியானால் கற்றுக்கொள்ளுங்கள்" என்று சிரித்தாள்.

கடலுக்குக் கிட்டப் பிறந்தவள் நான். ஆனால் கணுக்காலுக்கு மேல் கடலில் இறங்கியதில்லை. பெண் பிள்ளைகளை அப்படி விடுகிற வீடு இல்லை எங்களுடையது. வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பினார்.

"நான் பழக்கிறன்" என்றார்.

அவர் நீந்துவார் என்பது எனக்குத் தெரியும். கடலில் பழகியவர். ஆனால் இந்த நாட்டுக்கு வந்தபின் தண்ணீரில் இறங்கியதை நான் கண்டதில்லை. அவருக்குப் பின்னேர ஷிப்ட் இருந்த வாரங்களில் காலையில் இரண்டு பேரும் கவுன்சில் நீச்சல் தடாகத்துக்குப் போனோம். நானும் வேலையில் நேரத்தை மாற்றிக் கேட்டுக்கொண்டேன். கணுக்கால்வரை மூடிய கறுப்பு நீச்சலுடையில், பல வருடம் கழித்து அவர் முன்னால் புதிய மணப்பெண்போலக் கூச்சத்தோடு நின்றேன். அவர் பழைய அரைக்காற்சட்டையோடு தண்ணீருக்குள் இறங்கி, இரண்டு கையையும் விரித்து நீட்டினார்.

"வாரும்."

"ஆழமோ?"

"உம்மடை நெஞ்சுக்குத்தான் வரும். வாரும்."

முதல் நாள் மல்லாந்து மிதக்கப் பழக்கினார். என் முதுகுக்குக் கீழே அவருடைய கை. தலையைத் தண்ணீரில் விடச் சொன்னார். நான் கழுத்தை விறைத்துப் பிடித்தேன்.

"கழுத்தை இறுக்காதேயும். தலையை விடும். நான் பிடிச்சிருக்கிறன்."

"விட்டிடுவியள்."

"விடமாட்டன். இஞ்சை பாரும், என்ரை கை கீழை இருக்கு."

காதுக்குள் தண்ணீர் போய் எல்லாச் சத்தமும் அடங்கியது. கூரையின் விளக்குகள் மட்டும் தெரிந்தன. அவருடைய உள்ளங்கையின் சூடு தெரிந்தது. அந்த பஸ் தரிப்பிடத்துக்குப் பிறகு அவர் என்னைத் தொட்டது அப்போதுதான். நான் அழுதேன். முகம் ஏற்கெனவே நனைந்திருந்ததால் அவருக்குத் தெரிந்திருக்காது.

அந்தக் குளிர்காலம் நல்லபடியாகத்தான் போனது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். மெதுவாக நீந்தப் பழகினேன். தடாகத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மூச்சிரைக்காமல் போகும் அளவுக்கு வந்தேன். ஆழமான பகுதியில், இடுப்பில் மிதவைப் பட்டியைக் கட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே ஓடுவதையும் பிசியோ சொல்லித் தந்திருந்தாள். கால் தரையில் படாது. எலும்பில் பாரம் விழாது. ஆனால் ஓட்டத்தின் களைப்பு முழுவதும் இருக்கும். பாத்திரத்துக்குள் விழுந்த பூச்சிபோல நான் கையையும் காலையும் அடிப்பதை அவர் கரையைப் பிடித்தபடி பார்த்துச் சிரிப்பார்.

"எங்கையப்பா ஓடுறீர்? அதே இடத்திலைதான் நிக்கிறீர்" என்பார்.

சைக்கிளுக்கு வாண்டில் ஆற்றோரப் பாதை. அவருடைய பழைய சைக்கிளின் இருக்கையை எனக்காக உயரம் குறைத்துப் பதித்துத் தந்தார். அதில் நீண்டதூரம் போய்வந்து, சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு அந்தக் கணமே ஓடத் தொடங்கவேண்டும். அது பயிற்சியில் ஒரு பகுதி. இறங்கியவுடன் கால்கள் வேறு யாருடையவோபோல இருக்கும். முழங்கால் எங்கே மடிகிறது என்றே தெரியாது. மரதனின் கடைசிப் பகுதியில் கால் அப்படித்தான் இருக்கும், அதற்கு இப்போதே பழகிக்கொள் என்பதற்காகத்தான் அது. அவர் பின்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்து வருவார். காலில் நோ இல்லை. சாப்பாடு செரித்தது. நித்திரை வந்தது. ஒருநாள் காலையில் கண் விழித்தபோது என் கால் அவருடைய காலின்மேல் கிடந்தது.

மாமிக்குத்தான் இது ஒன்றும் பிடிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தா. என் தலைமயிரில் குளோரின் மணம் அவவுக்குப் பிடிபட்டிருக்க வேண்டும்.

"பிள்ளை, கேக்கிறன் எண்டு குறை நினைக்காதை. உப்பிடி ஓடியும் நீந்தியும் திரிஞ்சால் வயித்திலை என்ன தங்கும்? நான் மடு மாதாவுக்கு நேர்த்தி வைச்சிருக்கிறன். நீ உடம்பை ஆறவிட வேணும்."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"ஓம் மாமி" என்றேன்.

வேறு என்ன சொல்ல? அவ போனபின் அவரிடம், "நீங்கள் சொல்லேல்லையோ இன்னும்?" என்று கேட்டேன். "சொல்லுவம்" என்றார். அவ்வளவுதான்.

தடாகத்தில், எங்கள் பெரிய குளத்துக்குப் பக்கத்தில் முழங்காலளவு ஆழத்தில் சின்னக் குளம் ஒன்று இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீர். வாரத்தில் ஒரு காலையில் அங்கே கைக்குழந்தைகளோடு தாய்மார் வருவார்கள். வட்டமாக நின்று பாடுவார்கள். குழந்தைகளைத் தண்ணீரில் தவழவிடுவார்கள். நாங்கள் பெரும்பாலும் அந்த நாளைத் தவிர்த்துவிடுவோம். தவிர்க்கிறோம் என்று ஒருவருக்கொருவர் சொன்னதில்லை. ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். பெப்ரவரியில் ஒரு வாரம் அவருடைய ஷிப்ட் மாறியதால் அந்த நாள்தான் எங்களுக்குக் கிடைத்தது.

நான் ஆழத்தில் என் மிதவைப் பட்டியோடு ஓடிக்கொண்டிருந்தேன். அவர் நீந்தி முடித்து, கரையேறி, இரண்டு குளத்துக்கும் நடுவே துவாயைத் தேடிக்கொண்டு நின்றார். சின்னக் குளத்திலிருந்து ஒரு தாய் இரட்டைக் குழந்தைகளோடு மேலே வந்தாள். தரை வழுக்கல். ஒரு குழந்தை அழுதது. அவள் சுற்றிப் பார்த்துவிட்டு, அருகில் நின்ற அவரிடம் ஏதோ சொல்லி, அழாத குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டாள். குனிந்து மற்றக் குழந்தைக்குத் துவாய் சுற்றினாள்.

நான் ஓடுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினாலும் மூழ்கமாட்டேன், பட்டி தாங்கும். ஆனால் நிறுத்த முடியவில்லை. அங்கிருந்தபடியே பார்த்தேன். அவர் குழந்தையைச் சரியாகத்தான் பிடித்திருந்தார். ஒரு கை அதன் அடியில், மற்றக் கை முதுகில். நனைந்த குழந்தை. அது அவருடைய நாடியைக் கையால் தட்டியது. அவர் அசையவேயில்லை. அந்தப் பெண் நிமிர்ந்து சிரித்து நன்றி சொல்லிக் குழந்தையை வாங்கிக்கொண்டு போனாள். அவர் கைகளை இறக்காமல் அப்படியே நின்றார். பிறகு உடைமாற்றும் அறைப் பக்கம் போய்விட்டார்.

நான் உடைமாற்றிக்கொண்டு வெளியே வந்தபோது அவர் கார் நிறுத்துமிடத்தின் சுவரோரம் குந்தியிருந்தார். மேற்சட்டை போடவில்லை. உள்ளே நீச்சல் காற்சட்டை ஈரமாகவே இருந்து, மேலே போட்ட நீளக் காற்சட்டையை நனைத்திருந்தது. அவ்வளவு குளிர். நான் பக்கத்தில் போய் இருந்தேன்.

"எழும்புங்கோ. சளி பிடிக்கும்."

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு பாரம் இருக்கும் எண்டு எனக்குத் தெரியாமல் இருந்தது" என்றார். "தெரியாமல் இருந்தபடியால்தான் இவ்வளவு நாளும் சமாளிச்சனான். இப்ப தெரிஞ்சுபோச்சு."

பிறகு அவர் அழுதார். ஸ்கான் அறையிலும், அந்த டொக்டருக்கு முன்னாலும், பஸ் தரிப்பிடத்திலும் அழாத மனிதர். சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, பள்ளிக்கூடப் பிள்ளைபோல அழுதார். காரில் வந்து இறங்கியவர்கள் விலகிப் போனார்கள். நான் அவர் தோளில் கை வைத்தேன். அவர் அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டார். கோபத்தில் இல்லை. அந்தக் கையின் பாரத்தைக்கூட அவரால் தாங்க முடியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அவ்வளவு காலமும் இந்தத் துக்கம் என்னுடையது என்றும், அவர் என்னோடு துணைக்கு நிற்பவர் என்றும்தான் நான் நினைத்திருந்தேன். அன்றைக்கு அது தகர்ந்தபோது எனக்குப் பிடித்து நிற்க ஒன்றும் இல்லாமல் போனது.

அடுத்த வாரம் அவர் காலை ஷிப்டுக்கு மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டார். இருள் விலகுமுன்னரே எழுந்து போய்விடுவார். நான் ஒருநாள் தனியாகத் தடாகத்துக்குப் போனேன். நுழைவாயில் வரை போனேன். வெதுவெதுப்பான குளோரின் காற்று முகத்தில் அடித்தது. திரும்பி வந்துவிட்டேன். சைக்கிளையும் தொடவில்லை. இருக்கையை எனக்காகப் பதித்துத் தந்தவர் அதைப் பார்க்காமல் கடந்து போகும்போது, எனக்கும் அதில் ஏற மனம் வரவில்லை.

ஆகவே ஓடினேன். நீந்தவேண்டிய நாளிலும் ஓடினேன், சைக்கிள் நாளிலும் ஓடினேன். பிசியோவிடம் போகவில்லை. போனால் என்ன சொல்வாள் என்று தெரியும். பங்குனி மாதத்தில் அந்தப் பழைய இடம் மறுபடி நோகத் தொடங்கியது. இந்தமுறை அந்த நோ எனக்கு ஒருவிதத்தில் உதவியாக இருந்தது. எங்கே நோகிறது என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரு நோ. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அந்த இடத்தை அழுத்திப் பார்ப்பேன்.

வீட்டில் நாங்கள் மறுபடி கட்டிலின் இரண்டு ஓரங்களுக்குப் போனோம்.

மரதன் நாளன்று காலை அவர் லீவு எடுத்திருந்தார். நான் கேட்கவில்லை. கனரி வோர்ஃபில், பதினெட்டாவது மைல் தாண்டி வரும் திருப்பத்தில் நிற்கிறேன் என்றார். கிரீனிச்சில், அவ்வளவு சனத்துக்கு நடுவே, ஒரு பெரும் கூட்டம் நகர்வதுபோல நகர்ந்து தொடங்கினோம். வீதியின் இரண்டு பக்கமும் சனம். மேளம், பாட்டு, பிள்ளைகள் நீட்டிய கைகள். நெஞ்சில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்து முன்பின் தெரியாதவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். தவறாக உச்சரித்தார்கள், ஆனாலும் கூப்பிட்டார்கள். டவர் பிரிட்ஜைத் தாண்டும்வரை என் நுரையீரலும் இதயமும் ஒரு குறையும் சொல்லவில்லை. குளிர்காலம் முழுவதும் தண்ணீரில் ஓடியதன் பலன் அது. களைப்பே தெரியவில்லை. வாழ்க்கையில் ஒன்றையாவது முடிக்கப் போகிறேன் என்று அந்தப் பாலத்தில் நினைத்தேன்.

கனரி வோர்ஃபின் உயர்ந்த கட்டடங்களுக்கிடையே நுழைந்தபோது காலுக்குள் ஏதோ நழுவியதுபோல இருந்தது. அடுத்த அடி வைத்தேன். உடம்பு முழுவதும் வெள்ளையாக ஒரு வலி. இன்னும் ஒரு அடி. விழவில்லை, கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டேன். "கமான், கமான், உன்னால் முடியும்" என்று தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் கத்தினார்கள். ஒரு பெண் என் கையைப் பிடித்து, "இன்னும் கொஞ்சம்தான்!" என்றாள். ஒற்றைக் காலில் நின்றபடி அவர்களைப் பார்த்தேன். எத்தனை அன்பான முகங்கள். ஒருவருக்கும் விளங்கவில்லை.

முதலுதவித் தொண்டர்கள் இரண்டு பேர் வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் நின்ற திருப்பம் அங்கிருந்து அதிக தூரமில்லை. தொலைபேசியில் கூப்பிட்டபோது, "வாறன்" என்று மட்டும் சொன்னார். கூடாரத்துக்குள் வந்தவர் என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். வெள்ளித்தாள் போர்வையைச் சரிசெய்தார். அம்புலன்ஸில் என் சப்பாத்துகளை மடியில் வைத்தபடி பக்கத்தில் இருந்து வந்தார்.

ஆஸ்பத்திரியில் நெடுநேரம் காத்திருந்தபின் எக்ஸ்ரேக்குக் கூப்பிட்டார்கள். சக்கர நாற்காலியை அவர்தான் தள்ளிவந்தார். எக்ஸ்ரே எடுக்கும் பெண் இனிமையாக, வேகமாகப் பேசினாள். என் பிறந்த தேதியைக் கேட்டாள். விலாசத்தைக் கேட்டாள். பிறகு அதே குரலில், எல்லாப் பெண்களிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"நீங்கள் கர்ப்பமாக இருப்பதற்கு ஏதாவது வாய்ப்பு இருக்கிறதா?"

சக்கர நாற்காலியின் கைப்பிடியில் அவருடைய கைகள் இறுகுவது என் முதுகில் தெரிந்தது. அவள் என் பதிலுக்காகத் தலையை நிமிர்த்தினாள்.

"இல்லை" என்றேன். "இல்லை. ஒரு வாய்ப்பும் இல்லை. இனி இல்லை."

"சரி" என்று அவள் எதையோ குறித்துக்கொண்டாள். அவளுக்கு அது ஒரு சாதாரண பதில். எங்களில் ஒருவர் வாயிலிருந்து அந்தச் சொற்கள் வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. டொக்டர் சொல்லியிருந்தார். நாங்கள் சொன்னதில்லை.

எலும்பில் மயிரிழைபோல ஒரு வெடிப்பு. பெரிய பிளாஸ்டிக் சப்பாத்து ஒன்றை முழங்கால்வரை மாட்டி, ஊன்றுகோல்கள் தந்து அனுப்பினார்கள். வாடகைக் காரில் வீட்டுக்கு வந்தோம். தெருக்களில் பதக்கத்தைக் கழுத்தில் போட்டபடி சனம் நொண்டி நொண்டிப் போய்க்கொண்டிருந்தது. படியேற முடியாததால் அவர் என்னை முன்னறைச் சோபாவில் படுக்கவைத்தார். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ புல் வெட்டினார்கள்.

அவருடைய தொலைபேசி அடித்தது. மாமி. அவர் எழுந்து போகாமல் அங்கேயே நின்று பேசினார்.

"ஓம் அம்மா. கால்தான். உடைஞ்சிருக்கு... ஓம், ஓட்டத்தாலைதான்." அந்தப் பக்கம் மாமி நீளமாக ஏதோ சொன்னா. அவர் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார். "அம்மா, கேளுங்கோ. அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நாங்கள் நிப்பாட்டி எவ்வளவோ காலம். டொக்டர் ஏலாது எண்டு சொல்லிப்போட்டார்... இல்லை அம்மா. இனி இல்லை... அழாதேங்கோ." தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார். "நேர்த்தியை நீங்கள் உங்கடை விருப்பப்படி செய்யுங்கோ. அவவிட்டை மட்டும் இனி ஒண்டும் கேக்காதேங்கோ."

தொலைபேசியை வைத்துவிட்டு, சோபாவுக்குப் பக்கத்தில் கம்பளத்தில் படுத்தார். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேலே, அவர் கீழே.

"இரண்டாம் தரம் தங்கினது தெரியுமெல்லே" என்றார்.

"ம்."

"அதுக்கு நான் ஒரு பேர் வைச்சிருந்தனான்."

அவர் பெயர் வைத்திருந்தது எனக்குத் தெரியாது. ஸ்கானுக்குப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றுதான் நாங்கள் இருந்தோம்.

"ட்ராம் ஓட்டேக்கை மனசுக்குள்ளை சொல்லிப் பாப்பன். ஒவ்வொரு தரிப்பிடத்திலையும் கதவு திறக்கேக்கை சொல்லுவன். இப்பவும் வாயிலை வந்திடுது."

"சொல்லுங்கோ" என்றேன்.

அவர் சொன்னார். நான் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். அழகான பெயர். எங்கள் இரண்டு பக்கத்துக்கும், கோயிலுக்கும் தேவாலயத்துக்கும், பொருந்துகிற ஒரு பெயர். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. இரண்டு பேரும் மாறி மாறி அதைச் சில தடவை சொன்னோம். பிறகு சொல்ல முடியாமல் போனது. புல்வெட்டும் இயந்திரம் நின்றது. அறை இருண்ட பிறகும் ஒருவரும் விளக்கைப் போடவில்லை.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. கால் ஆறிவிட்டது, எலும்பு நன்றாகப் பொருந்திவிட்டது என்று பிசியோ சொன்னாள், அடுத்த வருடத்துக்கு இப்போதே தயாராகலாம் என்றாள். எனக்கு ஓட விருப்பம் இல்லை. நீந்தவும் விருப்பம் இல்லை. மாமி வருவதைக் குறைத்துக்கொண்டா. வந்தாலும் கறியை வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போய்விடுகிறா. மேல்மாடியில் சின்ன அறை ஒன்று இருக்கிறது. அதற்குள் உடுப்புக் காயப்போடுகிறோம்.

அவருக்கு மறுபடி பின்னேர ஷிப்ட் வரும் சில நாட்களில், வேலை முடிந்து வரும்போது அவர் ஓட்டும் ட்ராமில் ஏறிவிடுவேன். அவருக்குத் தெரியாது. கடைசி இருக்கையில் இருப்பேன். தரிப்பிடம் வரும், கதவு திறக்கும், சனம் இறங்கும், ஏறும். கதவு திறந்திருக்கும் அந்தச் சிறிது நேரம் நான் கண்களை மூடிக்கொள்வேன். பிறகு கதவு சாத்தும். ட்ராம் புறப்படும்.